புகார் சொன்ன மறுநாள்: சக மாணவர் கொடுமைக்குப் பள்ளி எந்த வழியைத் தேர்வது?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, தன் மகனை வகுப்பில் நான்கு பேர் சேர்ந்துகொண்டு மூன்று மாதமாகப் படுத்தும் பாட்டைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எழும் யோசனைகள் ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும். டி.சி. கொடுத்து அனுப்புங்கள், மற்றவனுக்கும் பயம் வரும் என்பார் ஒருவர். பிள்ளைகளுக்குள் நடப்பதுதானே, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்தால் சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். பாதிக்கப்பட்ட பையனை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிடலாம் என்று மூன்றாமவர் சொல்வார். புகார்ப் பெட்டிதான் இருக்கிறதே, எழுதிப் போட்டிருக்கலாமே என்று பள்ளித் தரப்பில் ஒரு குரல் கேட்கும். ஃபின்லாந்தில் இதற்கென்றே ஒரு திட்டம் இருப்பதாக எங்கோ படித்த ஒருவர் அதையும் எடுத்து வைப்பார். இந்த வழிகள் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, எங்கே தவறுகிறது என்பதை ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒப்பீட்டுக்கு ஒரு தளம் வேண்டும் என்பதால், 6 முதல் 10 வரை வகுப்புகளும் சுமார் 400 மாணவர்களும் உள்ள, முழுநேர உளவியல் ஆலோசகர் இல்லாத, தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றை மனதில் வைத்துக்கொள்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோலும் வேண்டும். பொதுவாக நாம் ஒரு நடவடிக்கை எவ்வளவு கடுமையானது, தவறு செய்தவனுக்கு என்ன கிடைத்தது என்றுதான் பார்க்கிறோம். நான் பயன்படுத்த விரும்பும் அளவுகோல் வேறு: புகார் சொன்ன பிள்ளை மறுநாள் காலையில் பள்ளிக்குள் நுழையும்போது அதன் நிலைமை முன்பைவிட மேலாக இருக்கிறதா, மோசமாக இருக்கிறதா? இந்தக் கேள்வியை நாம் சாதாரணமாகக் கேட்டுவிட முடியாதபடி செய்தது 2023 ஆகஸ்ட் 9 அன்று திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். நடப்பது என்ன என்பது பள்ளிக்குத் தெரிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து, இரவில் அவருடைய வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் பெரியவர்கள் எப்போதும் சொல்லும் அறிவுரையின்படியே நடந்துகொண்டார்: யாரிடமாவது சொல்லிவிட்டார். சொன்னதற்கும் அடுத்த நாள் விடிவதற்கும் இடையில் அவரைக் காக்க எந்த ஏற்பாடும் இல்லை. எல்லாப் பள்ளியிலும் விளைவு இவ்வளவு கொடூரமாக இருப்பதில்லை. ஆனால் ‘போட்டுக் கொடுத்தவன்’ என்ற பட்டத்துக்கு அஞ்சாமல் எந்த வகுப்பிலும் யாரும் வாய் திறப்பதில்லை என்பதைப் பள்ளியில் படித்த நாம் எல்லோரும் அறிவோம்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கொடுமைக்குத் தமிழில் நிலைபெற்ற ஒரு பெயர் இன்னும் அமையவில்லை. கிண்டல், கேலி என்றால் மிகவும் இலேசாகிவிடுகிறது. வன்கொடுமை என்றால் சட்டப் பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் பகடிவதை என்ற அருமையான சொல் பெரும்பாலும் பல்கலைக்கழக ராகிங்கையே குறிக்கிறது. பெயர் இல்லாத நோயை மருத்துவரிடம் சொல்வது கடினம் என்பதுபோல, ‘சும்மா விளையாடினோம் மிஸ்’ என்ற பதிலுக்கு எதிரே மாணவருக்குச் சொல் இல்லாமல் போகிறது. நார்வேயின் பெர்கன் நகரில் பணிபுரிந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் தந்த வரையறை இங்கே கைகொடுக்கும்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க இயலாதபடி பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. பலம் என்பது உடல்பலம் மட்டுமல்ல. ஆள்பலம், சாதி, பணம், நிறம், நன்றாகப் பேசும் வாய், ஆசிரியரின் செல்லம் எல்லாமே பலம்தான். சமமான இருவர் அடித்துக்கொள்வது சண்டை. இந்த வேறுபாட்டில் தெளிவு இல்லாததால்தான் கீழே வரும் வழிகளில் பாதி தவறிப்போகின்றன.

முதலில் தண்டனை. இதன் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு நியாயம் கிடைத்த உணர்வும் பள்ளிக்கு ஏதோ செய்துவிட்ட தெளிவும் இதில் உடனே கிடைக்கின்றன. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட பள்ளியில் 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு டி.சி. கொடுத்து விரட்டும் வழி சட்டப்படியே அடைபட்டிருக்கிறது; 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டபோது தேர்ச்சியில் நிறுத்திவைப்பது பற்றிய விதிதான் தளர்ந்தது; வெளியேற்றத் தடை அப்படியே உள்ளது. அடித்துத் திருத்துவதை அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பயன் என்ன என்று பார்த்தாலும் நிலைமை சாதகமாக இல்லை. சிறு தவறுக்கும் கடும் தண்டனை என்ற கொள்கையை அமெரிக்கப் பள்ளிகள் பல ஆண்டுகள் கடைப்பிடித்தன. அதை ஆராய அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த பணிக்குழு, பள்ளிகளை அது பாதுகாப்பாக்கியதற்குச் சான்று இல்லை என்ற முடிவுக்கு 2006இல் வந்தது.

மறுநாள் என்ற அளவுகோலில் தண்டனை தவறுவது இன்னும் எளிதாகத் தெரியும். ஐந்து நாள் இடைநீக்கம் பெற்றவன் ஆறாம் நாள் திரும்பி வருகிறான். அவனுக்கு யார் மேல் கோபம் இருக்கும் என்பதில் ஐயமில்லை. அவனோடு சேர்ந்து சிரித்த மற்ற மூன்று பேரும் அந்த ஐந்து நாளும் வகுப்பில்தான் இருந்தார்கள். வகுப்பில் தலைவன் போல இருந்தவன் இப்போது எச்.எம்மையே எதிர்த்தவன் என்ற கூடுதல் பெருமையோடு வருகிறான். தண்டனை கடுமையாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: ஆசிரியர்களே புகாரைப் பதிவு செய்யத் தயங்குவார்கள். ‘அவன் வாழ்க்கை கெட்டுப் போயிடும்’ என்ற இரக்கம் நியாயமானதுதான், ஆனால் அது பாதிக்கப்பட்டவனின் செலவில் காட்டப்படும் இரக்கமாக மாறிவிடுகிறது. உடல் காயம், ஆயுதம், பாலியல் சீண்டல், பணம் பறித்தல், சாதி வன்மம் ஆகியவற்றில் தண்டனையும் காவல் துறையும் தவிர்க்க முடியாதவை. அவற்றை வகுப்பறைக்குள் பேசித் தீர்க்க முயல்வதே குற்றம். மற்ற நூறு சம்பவங்களுக்குத் தண்டனை முதல் கருவியாக இருக்க முடியாது என்பதே என் கருத்து.

தண்டனைக்கு நேர் எதிரே நிற்பது சமரசம். நம் பண்பாட்டில் பஞ்சாயத்துக்கு ஒரு மரியாதை உண்டு, ஆசிரியர்களும் இயல்பாக அதையே நாடுகிறார்கள். நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது என் பக்கத்து பெஞ்சுக்காரனையும் அவனை நாள்தோறும் படுத்தியவனையும் ஆசிரியர் முன்னால் அழைத்து, கைகொடுத்து ‘சாரி’ சொல்ல வைத்தார், வகுப்பு கைதட்டியது. அன்று மாலையே சைக்கிள் நிறுத்துமிடத்தில் கைதட்டியவர்கள் சுற்றி நிற்க அது மீண்டும் நடந்தது, முன்னைவிடச் சத்தமில்லாமல். ஆசிரியர் நல்லவர், அவர் அதைச் சண்டை என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. சமமில்லாத இருவரை ஒரே மேசையில் உட்கார வைக்கும்போது, பாதிக்கப்பட்டவனும் ஏதோ பாதி தவறு செய்தவன் என்ற பொருள் வந்துவிடுகிறது. மேலும் தன்னைத் துன்புறுத்தியவனின் முகத்துக்கு நேரே நடந்ததைச் சொல்லும்படி ஒரு பிள்ளையைக் கேட்பது, அது வாயைத் திறக்காமல் இருப்பதற்கான உறுதியான வழி. உலகெங்கும் நடந்த தடுப்புத் திட்டங்களை 2011இல் தொகுத்து ஆராய்ந்த டோஃபி, ஃபாரிங்டன் இருவரும், சக மாணவர்களையே நடுவர்களாகவும் ஆலோசகர்களாகவும் ஆக்கும் வகை ஏற்பாடுகள் பாதிப்பைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுவதோடு தொடர்புற்றிருந்ததைக் கண்டார்கள். சண்டைக்குச் சமரசம் நல்ல மருந்து. கொடுமைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஒப்பிட்ட எல்லா வழிகளிலும் நான் முழுவதுமாக ஒதுக்கச் சொல்வது இதை ஒன்றைத்தான்.

செக்‌ஷன் மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையே கேட்டால் ஒழிய, அது அப்பிள்ளையை இடம்பெயர்க்கும் தண்டனை. பழைய வகுப்பில் காலியான இடத்துக்கு அடுத்த ஆள் வந்துவிடுவான்.

குற்றம் சாட்டாமல் பேசும் முறை என்று ஒன்று உண்டு; இதைச் சமரசத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சுவீடனில் அனடோல் பிகாஸ் உருவாக்கிய முறையும், இங்கிலாந்தில் பார்பரா மெயின்ஸும் ஜார்ஜ் ராபின்சனும் 1990களின் தொடக்கத்தில் முன்வைத்த முறையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இதில் பெரியவர் ஒருவர் தொல்லை கொடுத்தவர்களிடம் ‘நீ ஏன் செய்தாய்’ என்று கேட்பதில்லை. அந்தப் பையன் சில நாட்களாகத் துவண்டு கிடக்கிறான், எனக்குக் கவலையாக இருக்கிறது, நீ என்ன செய்யலாம் என்று கேட்கிறார். குற்றச்சாட்டு இல்லாததால் மறுப்பதற்கும் எதுவும் இல்லை. போட்டுக் கொடுத்தது யார் என்ற கேள்வியும் எழுவதில்லை. இதற்கு எதிரான வாதம், இது தவறு செய்தவனைத் தடவிக் கொடுப்பது என்பது; அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வெறும் கருத்து மோதலாக இருந்த இந்த விவாதத்தில் ஃபின்லாந்து ஆய்வொன்று கொஞ்சம் வெளிச்சம் பாய்ச்சியது. 65 பள்ளிகளில் கையாளப்பட்ட 339 சம்பவங்களை எடுத்து, ‘நீ செய்வது எங்களுக்குத் தெரியும், இன்றோடு நிறுத்த வேண்டும்’ என்று நேரடியாகக் கண்டித்துப் பேசியதையும், கண்டிக்காமல் பேசியதையும் ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் 78 விழுக்காடு சம்பவங்களில் தொல்லை நின்றது. இரு முறைகளுக்கும் பொதுவாகப் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 7 முதல் 9 வரை உள்ள வகுப்புகளில் நேரடிக் கண்டிப்பே மேலாக வேலை செய்தது. நம் உயர்நிலைப் பள்ளிக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி. இரண்டு முறைகளுக்கும் பொதுவாக இருந்தது என்ன என்பது அதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது: பாதிக்கப்பட்டவரிடம் முதலில் தனியாகப் பேசுவது, பிறகு தொல்லை தந்தவர்களை ஒவ்வொருவராக, ஒருவர் மற்றவரோடு கலந்து பேச வாய்ப்பளிக்காமல் சந்திப்பது, குறித்த நாளில் மீண்டும் அழைத்து நின்றதா என்று கேட்பது. கடைசியாகச் சொன்ன இந்த மறுசந்திப்புத்தான் நம் பள்ளிகளில் கிட்டத்தட்ட எங்கும் இல்லாதது.

இப்போது பள்ளி முழுவதையும் தழுவும் திட்டங்கள். இவற்றின் வரலாறு துயரத்தில் தொடங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் நார்வேயில் மூன்று சிறுவர்கள், சக மாணவர் கொடுமையின் விளைவாக என்று கருதப்படும் வகையில், தற்கொலை செய்துகொண்டார்கள். 1983இல் அரசு நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது, அதன் பகுதியாக ஓல்வியஸ் தம் திட்டத்தை வகுத்தார். பெர்கனில் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களிடையே அதை அளந்தபோது கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தத் திட்டத்தில் வியப்பூட்டும் நுட்பம் எதுவும் கிடையாது. யாரையும் கொடுமைப்படுத்த மாட்டோம், கொடுமைக்கு ஆளானவருக்கு உதவுவோம், தனித்து நிற்பவரைச் சேர்த்துக்கொள்வோம், நடந்தால் பள்ளியிலும் வீட்டிலும் பெரியவரிடம் சொல்வோம் என்ற நான்கு விதிகள், வகுப்புக் கூட்டம், பெயர் எழுதாத கேள்வித்தாள், இடைவேளையில் கண்காணிப்பு. இந்தக் கடைசி அம்சத்தை நாம் அற்பமாக எண்ணிவிடக் கூடாது. நம் பள்ளிகளில் தொல்லை நடப்பது வகுப்பறையில் ஆசிரியர் இருக்கும்போது அல்ல. கழிப்பறைச் சுவருக்குப் பின்னால், சத்துணவு வரிசையில், தண்ணீர்க் குழாயடியில், மாலை மணி அடித்ததும் பேருந்து நிறுத்தத்தில். எந்த இடம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பள்ளியின் வரைபடம் போட்டுக் குறிக்கச் சொன்னால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஃபின்லாந்தின் கிவா திட்டம் ஓல்வியஸ் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. துர்க்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி, 1996இலேயே வகுப்பில் உள்ளவர்களை வெறுமனே கொடுப்பவன், வாங்குபவன் என்று இரண்டாகப் பிரிக்காமல், கூடச் சேர்ந்து செய்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், பார்த்தும் பாராமல் இருப்பவர், தடுத்து நிற்பவர் என்றும் பிரித்துக் காட்டினார். தொல்லை கொடுப்பவனுக்கு வேண்டியது பாதிக்கப்படுபவனின் கண்ணீரைவிட, பார்ப்பவர்களின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு நின்றால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும் என்பதே கிவாவின் அடிப்படை. கனடாவில் டொராண்டோ பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001இல் வெளியிட்ட கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது: சம்பவங்களில் 88 விழுக்காட்டில் வேறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், 19 விழுக்காட்டில் மட்டுமே யாராவது குறுக்கிட்டார்கள், குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல் 10 நொடிக்குள் நின்றுவிட்டது. சக மாணவரை நடுவராக்குவது கெடுதல், சாட்சியாக நிற்பவரின் மௌனத்தை உடைப்பது நன்மை என்ற இந்த நுண்ணிய வேறுபாட்டை எந்தப் பள்ளியும் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கிவாவில் குறிப்பிட்ட வகுப்புகளுக்கு ஆண்டுக்கு சுமார் 20 மணி நேரப் பாடம் உண்டு. சம்பவம் நடந்தால் கையாள ஒவ்வொரு பள்ளியிலும் மூன்று பெரியவர்கள் கொண்ட குழு உண்டு. வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று மாணவர்களை ஆசிரியர் தனியாக அழைத்து, பாதிக்கப்பட்டவரோடு நடக்கவும் உட்காரவும் கேட்டுக்கொள்வது உண்டு. 234 பள்ளிகளில் சோதிக்கப்பட்டு 2009இல் நாடு முழுவதும் பரவியது. ஆனால் இதையும் மந்திரக்கோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல் வகுப்புகளில் கிவாவின் பயன் கீழ் வகுப்புகளைவிடக் குறைவாகவே இருந்தது. பல நாட்டுத் திட்டங்களையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள், கொடுமை செய்வது சுமார் 19, 20 விழுக்காடும் கொடுமைக்கு ஆளாவது சுமார் 15, 16 விழுக்காடும் குறைவதாகச் சொல்கின்றன. 2015இல் வந்த இன்னோர் ஆய்வு, எட்டாம் வகுப்பு முதல் மேலே போகப் போக இத்திட்டங்களின் சராசரிப் பயன் ஏறத்தாழ இல்லாமலே போவதாகக் கண்டது. பதினான்கு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து ‘அன்பாய் இருங்கள்’ என்று பாடம் நடத்தினால் என்ன ஆகும் என்பதை எந்த ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரும் ஆய்வு இல்லாமலே சொல்லிவிடுவார். அந்த வயதில் விலகி நின்று அறிவுரை சொல்வதைவிட, நேரடியாகக் கண்டிப்பதும், வகுப்பில் யாருக்கு மதிப்பு கிடைக்கிறது என்பதை மாற்றுவதும்தான் செல்லும்.

இன்னொரு சிக்கலையும் கிவாவை ஆராய்ந்த ஃபின்லாந்து, நெதர்லாந்து ஆய்வாளர்களே கண்டு சொன்னார்கள். ஒரு பள்ளியில் கொடுமை நன்றாகக் குறைந்த பிறகும் மிச்சமாகச் சிக்கிக்கொண்டிருக்கும் சில பிள்ளைகள், பலரும் துன்பப்படும் பள்ளியில் உள்ள பிள்ளைகளைவிட அதிகமாக உடைந்துபோகிறார்கள். ஊரே நனைந்தால் மழை என்று தோன்றும். நான் மட்டும் நனைந்தால் என்னிடம்தான் ஏதோ குறை என்று தோன்றும். ஆகவே மொத்த எண்ணிக்கை குறைந்தது என்று பள்ளி மகிழ்ந்து முடித்துவிடும் நாளிலிருந்துதான் மிச்சமிருக்கும் அந்த இரண்டு மூன்று பெயர்களைத் தேடும் வேலை தொடங்குகிறது.

கடைசியாக, அமைப்பு வழிகள். நம்மிடம் ஏட்டளவில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து வந்த 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இரண்டாண்டுச் சிறை வரை விதிக்கிறது; ஆனால் அதன் பார்வை கல்லூரி விடுதியின் மேல் இருக்கிறது, 7ஆம் வகுப்பின் மேல் இல்லை. 2021க்குப் பிறகு பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கச் சொல்லப்பட்டது. ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி வந்தது. 14417, 1098 ஆகிய உதவித் தொலைபேசி எண்கள் சுவரில் எழுதப்பட்டன. இவை தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. தொலைபேசி எண் குறிப்பாக, தொல்லை தருபவர் ஆசிரியராகவே இருக்கும்போது பள்ளிக்கு வெளியே உள்ள ஒரே கதவு. ஆனால் பெட்டி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள்: பெரும்பாலும் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, எல்லோரும் கடந்துபோகும் தாழ்வாரத்தில். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன் நிற்பவனை வகுப்பே பார்க்கும். பெட்டியைத் திறப்பவர் யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை, படித்த பிறகு என்ன செய்வார் என்பவை மாணவருக்குத் தெரியாத வரை அது தபால் நிலையம் மூடிய ஊரின் தபால் பெட்டி போலத்தான்.

சட்ட வழி மட்டுமே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். 2011இல் ஓட்சு நகரில் 13 வயது மாணவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதும், பள்ளியும் கல்வி வாரியமும் அதைக் கையாண்ட விதமும் பெரும் கோபத்தை எழுப்பின; 2013இல் தனிச் சட்டமே வந்தது. ஒவ்வொரு பள்ளியும் கொள்கை வகுக்க வேண்டும், நிலைக்குழு அமைக்க வேண்டும், கடும் சம்பவங்களை விசாரிக்க வேண்டும். அதன் பிறகு பதிவான சம்பவங்கள் குறையவில்லை. 2023ஆம் கல்வியாண்டில் 7,32,568 ஆயின. இதைத் தோல்வி என்று படிப்பது பிழை. வரையறையை விரித்து, சிறியதையும் பதிவு செய்யச் சொன்னதால் மறைந்திருந்தது கணக்குக்கு வந்தது. நம் ஊரில் ‘எங்கள் பள்ளியில் அப்படி எதுவும் இல்லை’ என்று சொல்லும் பள்ளியையே நாம் நல்ல பள்ளி என்கிறோம். உலக அளவில் மூன்றில் ஒரு மாணவர் ஒரு மாதத்துக்குள் ஏதேனும் ஒரு தொல்லைக்கு ஆளாவதாக யுனெஸ்கோ 2019இல் கணக்கிட்டிருக்கும்போது, பூஜ்யம் என்ற எண்தான் அதிகாரிகளுக்கு ஐயத்தை எழுப்ப வேண்டும். பதிவு கூடிய முதல் ஆண்டிலேயே தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்கும் ஒரு துறையின் கீழ் எந்தத் திட்டமும் வேரூன்றாது.

சாதியைத் தனியாகப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்த ஒப்பீடு முழுமை பெறாது. ஃபின்லாந்தின் பாடத்திட்டத்தில் வகுப்பறைதான் கூட்டம். இங்கே தெற்கு மாவட்டப் பள்ளி ஒன்றில் தொல்லை தருபவனின் கூட்டம் பள்ளி மதிலுக்கு வெளியேயும் நீள்கிறது, கையில் கட்டிய வண்ணக் கயிறு அதன் அறிவிப்பு. அங்கே சிரிப்பை நிறுத்தினால் ஆட்டம் நிற்கும் என்ற கணக்கு பொய்த்துப்போகும், ஏனென்றால் பார்வையாளர்கள் ஊரில் இருக்கிறார்கள். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, கயிறு முதலான அடையாளங்களைத் தடுப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாமல் பார்த்துக்கொள்வது, அகர வரிசையில் உட்கார வைப்பது, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு மாணவர் நல அலுவலர் ஒருவரை நியமிப்பது ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்ப்பதைவிட அந்த அலுவலரே எனக்கு முக்கியமாகப் படுகிறார். பாடம் நடத்தாத, தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டாத ஒரு பெரியவர் பள்ளிக்குள் இருப்பது தனி மதிப்புடையது. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட 400 பேர் கொண்ட பள்ளி அந்த வரம்புக்குள் வராது. அங்கே இருக்கும் ஆட்களைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

அந்தப் பள்ளிக்கு நான் சொல்லும் தேர்வு ஒரே பெட்டிக்குள் அடங்குவதல்ல. 6, 7ஆம் வகுப்புகளில் வாரம் ஒரு பாடவேளையை ஓராண்டுக்கு ஒதுக்கி, சாட்சியாக நிற்பவர் என்ன செய்யலாம் என்பதை நடித்துப் பார்க்க வைக்கும் பாடம். 8, 9, 10ஆம் வகுப்புகளில் பாடத்தை விட்டுவிட்டு நேரடிக் கண்டிப்பும் இடைவேளைக் கண்காணிப்பும். சம்பவங்களைக் கையாள மூன்று ஆசிரியர்கள், அதில் ஒருவராவது பெண், ஒருவராவது அந்த ஊரின் ஆதிக்கச் சாதியைச் சேராதவர். இவர்கள் யார் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். சாதி, ஆயுதம், பாலியல், பணம் ஆகிய நான்கில் ஒன்று தென்பட்டால் அந்த மூவர் பேச்சுவார்த்தைக்குள் இறங்காமல் அன்றே பெற்றோர், காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று வெளியே கொண்டுபோக வேண்டும். பிள்ளை அன்று வீட்டுக்கு எப்படிப் போகும், யாரோடு போகும், இரவு எங்கே இருக்கும் என்பதைக் கேட்காமல் பள்ளி வாசலைப் பூட்டக் கூடாது. இதற்கெல்லாம் ஆசிரியர்கள் தங்கள் வாயையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வது முன்நிபந்தனை. கரும்பலகை முன் நின்று ‘டேய் குண்டா’ என்று அழைக்கும் ஆசிரியர் நாற்பது பேருக்கு ஒரே நொடியில் அனுமதி வழங்கிவிடுகிறார். பிறகு எந்தப் பாடமும் அதை அழிக்காது.

இந்தத் தேர்வின் குறை எனக்குத் தெரியும். மூன்று ஆசிரியர்களின் நேரம் யாருடைய பணி அட்டவணையிலும் இல்லாத நேரம். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவேற்றத்துக்கும் தேர்வுப் பணிக்கும் நடுவில் அதைக் கண்டெடுக்க வேண்டும், அவர்களில் ஒருவருக்கு மாற்றல் வந்தால் மீண்டும் தொடங்க வேண்டும். தண்டனை இதைவிட மலிவானது, பெட்டி அதைவிட மலிவானது. நேரம் சுருங்கி எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பாடவேளையை விடலாம், கேள்வித்தாளையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். கடைசி வரை விடக் கூடாதது ஒரு நாற்பது பக்க நோட்டு: புகார் சொன்ன பிள்ளையின் பெயர், பேசிய தேதி, மறுநாள் காலையில் அப்பிள்ளையைப் பார்த்த ஆசிரியரின் கையெழுத்து, பதினான்காம் நாள் மீண்டும் கேட்டபோது அது சொன்ன பதில். நோட்டு தலைமையாசிரியரின் பீரோவில் பூட்டியிருக்கலாம். பதினான்காம் நாளுக்கான கட்டம் காலியாக இருக்கும் பக்கங்களை மட்டும், பெயரைச் சொல்லாமல் எண்ணிக்கையாக, மேலாண்மைக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக வாசிக்க வேண்டும்.